பதின்பருவத்தில் அதிசக்தி பெறும் கதைமாந்தரை எழுதும் முறை

பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளைக்குத் திடீரென்று மனித இயல்பை மீறிய ஆற்றல் வாய்ப்பதாகக் கதையோ சித்திரக்கதையோ எழுத விரும்புகிறவர்கள், பெரும்பாலும் அந்த ஆற்றல் என்னவாக இருக்கலாம் என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். பறக்க வைக்கலாமா, கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கலாமா, பிறர் மனத்தைப் படிக்க வைக்கலாமா என்று பட்டியலிட்டு, இதுவரை யாரும் தொடாத ஒன்றைத் தேடிக் களைத்துப்போகிறார்கள். அப்படி ஒன்று அநேகமாக மிச்சமில்லை. 1938இல் சூப்பர்மேன் வெளிவந்ததிலிருந்து இன்றுவரை ஆற்றல்களின் கையிருப்பு முழுவதும் பலமுறை செலவாகிவிட்டது. செலவாகாமல் கிடப்பது வீடு. அந்தப் பிள்ளை எந்த வீட்டில் வளர்கிறது, அங்கே யாரிடமிருந்து எதை மறைக்க வேண்டியிருக்கிறது, மறைத்தால் யாருக்கு வலிக்கும் என்பவற்றை முதலில் முடிவு செய்துகொண்டு, அவற்றுக்குப் பொருந்தும் ஆற்றலைக் கடைசியில் தேர்ந்தெடுப்பதே இவ்வகைக் கதைக்கு உகந்த வரிசை என்பது என் துணிபு.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1940இல் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் இரண்டு சிறுவர்கள் அறிமுகமானார்கள். ஒருவன் பேட்மேனுக்குத் துணையாக வந்த ராபின். அவன் வளர்ந்த நாயகனின் பக்கத்தில் நிற்பவன். மற்றவன் பில்லி பேட்சன். அவன் ஒரு மந்திரச் சொல்லைச் சொன்னதும் வளர்ந்த ஆளாகவே மாறிவிடுகிறான். இருவர் கதையிலும் சிறுவன் சிறுவனாகவே இருந்துகொண்டு அதிசக்தியைச் சுமக்க வேண்டிய நிலை ஏற்படவில்லை. 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேண்டசி’ 15ஆம் இதழில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த பீட்டர் பார்க்கர், துணைவனாகவும் இல்லை, பெரியவனாக மாறவும் இல்லை. வயதான பெரியப்பாவும் பெரியம்மாவும் வளர்க்கும் பள்ளி மாணவனாகவே அவன் சிலந்தி மனிதன் ஆனான். அந்தக் கதை வெறும் 11 பக்கம்தான். எடுத்துப் படித்துப் பார்த்தால், அதில் சிலந்தி எவ்வளவு குறைவாகவும் வீடு எவ்வளவு அதிகமாகவும் இருக்கிறது என்பது தெரியும். (அதே 1962இல் பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கிய இரும்புக்கை நாயகன்தான் பின்னாளில் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் வாசகர்களின் மாயாவி ஆனான். அவன் வளர்ந்த ஆள். வீடு, பள்ளி, பெற்றோர் என்ற தொல்லை எதுவும் அவனுக்கு இல்லை. தமிழில் படித்து வளர்ந்த நம்மில் பலர் ஆற்றலை மட்டுமே பார்த்து வீட்டை மறந்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

வீட்டை எப்படி அமைப்பது

கதையின் ஆற்றல் எதுவென்று தெரியாத நிலையிலேயே அந்த வீட்டைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் பார்ப்பது நல்லது. எத்தனை அறை, யார் யாருடன் படுத்து உறங்குகிறார்கள், வருமானம் எங்கிருந்து வருகிறது, யார் சொல்லுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது, எந்தப் பேச்சை எடுத்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பவையெல்லாம் அதில் வந்துவிட வேண்டும். அமெரிக்கக் கதைகளில் தாழிடக்கூடிய தனி அறை ஒன்று பிள்ளைக்கு இயல்பாகவே இருக்கிறது. இரவில் சன்னல் வழியாக வெளியேறித் திரும்பும் காட்சி அதனால்தான் அங்கே எளிதாகிறது. நீங்கள் தமிழ்நாட்டுச் சிறுநகரம் ஒன்றில் கதையை நிறுத்துவதாக இருந்தால், பாட்டியின் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும் பெண் எப்படி எழுந்து போவாள் என்ற கேள்விக்கு விடை காணாமல் அந்தக் காட்சியை இரவல் வாங்க முடியாது. அந்தத் தடை உங்களுக்குச் சாதகமானது. சன்னல் காட்சியைவிடச் சுவையான ஒன்றைக் கண்டுபிடிக்க அது உங்களைக் கட்டாயப்படுத்தும்.

விளக்கத்துக்காக ஒரு கதையை இங்கேயே கட்டிப் பார்ப்போம். மலர்விழி பதினோராம் வகுப்பு மாணவி. அப்பா தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மாலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை அவளும் கடையில் நின்று பருப்பும் சர்க்கரையும் நிறுத்துக் கொடுக்கிறாள். அப்பாவுக்கு மொத்த வியாபாரியிடம் கடன் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்காதவர் என்ற பெயரை அவர் காப்பாற்றி வருகிறார். வீட்டில் யாரும் கடனைப் பற்றிப் பேசுவதில்லை. இவ்வளவும் தெரிந்த பிறகு இந்தப் பெண்ணுக்கு எந்த ஆற்றல் பொருந்தும் என்று கேட்டால், பறப்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தான் தொடும் பொருளின் எடையைக் கூட்டவும் குறைக்கவும் அவளால் முடிகிறது என்று வைத்துக்கொண்டால், அப்பாவின் நேர்மை, கடன், தராசு மூன்றும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கின்றன. ஆற்றல் சாதாரணமானதுதான், ஆனால் அது இந்த வீட்டில் மட்டுமே இவ்வளவு தொல்லை தரும்.

பொருத்தம் என்று நான் சொல்வது, ஆற்றல் அந்தப் பிள்ளையின் ஏக்கத்தை நிறைவேற்றுவதாக இருக்க வேண்டும் என்ற பொருளில் அன்று. ஏக்கத்தை அது தொட வேண்டும், தொட்டுச் சிக்கலாக்க வேண்டும். 1981இல் அமெரிக்கச் சித்திரக்கதைகளில் அறிமுகமான ‘ரோக்’ என்ற பெண் பாத்திரத்தின் ஆற்றல், முதல் முத்தத்தின்போது வெளிப்பட்டு, அவள் முத்தமிட்ட பையனை நினைவிழக்கச் செய்கிறது. அதன்பின் யாரையும் வெறுங்கையால் தொட முடியாதவளாக அவள் வாழ வேண்டியிருக்கிறது. நெருக்கத்துக்கு ஏங்கும் வயதில் தொடுதலையே அபாயமாக்கியதுதான் அந்தப் பாத்திரத்தின் வெற்றி. 2013இல் அறிமுகமாகி 2014இல் தனித்தொடர் பெற்ற கமலா கான், நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்துப் பெண். அவளுக்கு உருவத்தை மாற்றும் ஆற்றல் கிடைக்கிறது. பொன்னிறக் கூந்தலுடைய நாயகி ஒருத்தியைப் போல் இருக்க வேண்டும் என்று ஏங்கியவள், ஆற்றல் வந்த கணத்தில் அந்த நாயகியாகவே மாறிவிடுகிறாள். மாறியதும் முடி முகத்தில் விழுகிறது, காலணி கடிக்கிறது, உடை உறுத்துகிறது. ஆசைப்பட்ட உருவத்துக்குள் நின்றுகொண்டு அது தனக்கு ஒத்துவரவில்லை என்று அவள் கண்டுகொள்வதை ஓர் உபதேச வரிகூட இல்லாமல் ஆற்றலே காட்டிவிடுகிறது.

வயதைத் துல்லியமாக வையுங்கள்

பதின்பருவம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும் வேறுபாடு இல்லாமல் எழுதுவது பரவலாகக் காணப்படும் குறை. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்று வரையறுக்கிறது. அதற்குள் ஒரு மனிதர் நாலைந்து வேறு வேறு ஆட்களாக மாறிவிடுகிறார். உடல் மாற்றங்கள் பெண்களிடம் பெரும்பாலும் 8 வயதுக்கும் 13 வயதுக்கும் இடையிலும், ஆண்களிடம் 9க்கும் 14க்கும் இடையிலும் தொடங்குகின்றன. உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் பெண்களுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்களுக்கு ஏறத்தாழ 14 வயதிலும் வருகிறது. கையும் காலும் முதலில் நீண்டு, உடற்பகுதி பின்னால் வந்து சேர்வதால், அந்த மாதங்களில் பிள்ளைகள் கதவு நிலையில் இடித்துக்கொள்வதும் கைப்பொருளைத் தவற விடுவதும் இயல்பு. இது எழுத்தாளருக்குக் கிடைத்த கொடை. ஆற்றலின் முதல் அறிகுறிகளை வளர்ச்சியின் தடுமாற்றம் என்று வீட்டார் எடுத்துக்கொள்ளும்படி எழுதினால், வாசகர் சந்தேகப்படத் தொடங்கியபின்னும் பெற்றோர் சந்தேகப்படாமல் இருப்பதற்கு நியாயம் கிடைத்துவிடும்.

1980ஆம் ஆண்டு ஜனவரி தேதியிட்ட ‘எக்ஸ்-மென்’ சித்திரக்கதைத் தொடரின் 129ஆம் இதழில் கிட்டி பிரைட் என்ற பதின்மூன்றரை வயதுப் பெண்ணின் ஆற்றல் தலைவலியாகத்தான் தொடங்குகிறது. வலியோடு படுத்திருந்தவள், தன் படுக்கையறைத் தரையை ஊடுருவிக் கீழ்த்தளத்தில் வந்து விழுகிறாள். வெடிப்பும் ஒளியும் இல்லாத அந்தத் தொடக்கம், கட்டடங்களைத் தகர்க்கும் பல தொடக்கங்களைவிட நம்பும்படி இருக்கிறது.

உறக்கத்தையும் மறக்க வேண்டாம். பதின்பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. அதனால் சீக்கிரம் படுத்தாலும் உறக்கம் வருவதில்லை. ஆனால் உடலுக்கோ நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவைப்படுகிறது. இரவெல்லாம் ஊரைக் காத்துவிட்டுக் காலை ஏழரை மணிச் சிறப்பு வகுப்பில் உட்காரும் மாணவனின் முகம் எப்படி இருக்கும் என்பதை எழுதாமல் விட்டால் அவன் பதின்பருவத்தவன் அல்லன், பள்ளிச் சீருடை அணிந்த பெரியவன். அதேபோல், திட்டமிடுவதற்கும் உந்துதலை அடக்குவதற்கும் துணைபுரியும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது என்பது உங்கள் கதைமாந்தரின் தவறான முடிவுகளுக்கு ஒரு காரணம் தருகிறது. ஆனால் பாத்திரத்தின் வாயாலோ மருத்துவர் வாயாலோ இதை விளக்க வைப்பது கூடாது. விளக்கினால் கதை சுகாதாரக் கையேடாகிவிடும்.

பூப்பையும் ஆற்றலையும் இணைப்பது

ஆற்றலின் வருகையைப் பருவமடைதலோடு நேரடியாக இணைத்த கதைகள் உண்டு. ஸ்டீஃபன் கிங்கின் நாவல்களுள் முதலில் வெளியான ‘கேரி’யில் (1974), சிறுவயதில் ஒருமுறை தலைகாட்டிவிட்டு அடங்கிய ஆற்றல், பதினாறு வயதுப் பெண்ணின் முதல் மாதவிடாயோடு மீண்டும் எழுகிறது. தாய் எதையுமே சொல்லி வளர்க்காததால் தன் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதே அவளுக்குத் தெரிவதில்லை. பிக்சார் நிறுவனத்துக்காக டோமி ஷீ இயக்கிய ‘டர்னிங் ரெட்’ (2022) என்ற அசைவூட்டப் படம் 2002ஆம் ஆண்டின் டொராண்டோவில் நடக்கிறது. பதின்மூன்று வயது மெய்லின் ஒருநாள் காலையில் செம்பாண்டாவாக மாறிக் குளியலறைக்குள் ஒளிந்துகொள்ள, வெளியே நிற்கும் தாய் அவள் பெரியவளாகிவிட்டாள் என்று எண்ணி அதற்கு வேண்டிய பொருள்களோடு ஓடிவருகிறாள். தவறான சிக்கலுக்குச் சரியான உதவியோடு வந்து நிற்கும் தாய் என்ற அந்த அமைப்பைக் கவனியுங்கள். சிரிப்பும் வலியும் ஒரே வாக்கியத்தில் வருவதற்கு இதைவிட நல்ல வழி குறைவு.

ஆயினும் தமிழில் எழுதுகிறவர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். மேற்சொன்ன கதைகளில் பூப்பு என்பது அந்தரங்கமானது; அதனால் அந்தரங்கமான ஆற்றலுக்கு அது எளிதில் குறியீடாகிறது. நம் ஊர்களில் பல குடும்பங்களில் பெண் வயதுக்கு வந்த செய்தி உறவினர்களுக்குச் சொல்லி அனுப்பப்படுகிறது. தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார், மஞ்சள் நீராட்டு விழா நடக்கிறது, பந்தலும் சுவரொட்டியும்கூட உண்டு. பையனின் மாற்றங்களுக்கோ எந்த அறிவிப்பும் கிடையாது. குரல் உடைந்ததை யாரேனும் கேலி செய்வதோடு சரி. ஆகவே நம் கதையில் பெண்ணின் உடல் ஏற்கெனவே ஊரறிந்த செய்தி. அவளுக்கென்று இருக்கும் ஒரே ரகசியம் ஆற்றல் மட்டும்தான் என்றால், அதை அவள் சுமையாகக் கருதுவதைவிடத் தனக்கே தனக்கென்று கிடைத்த ஒன்றாகப் போற்றுவதே இயல்பாக இருக்கும். இந்த ஒரு மாற்றம் கதையின் போக்கையே திருப்பிவிடும். வெளிநாட்டுக் குறியீட்டை அப்படியே கொண்டுவந்து நட்டால் இது தவறிப்போகும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வயதினரின் உடலைப் பற்றி எழுதும்போது கதை அவர்களுடைய கண்ணிலிருந்து பார்க்க வேண்டும்; அவர்களைப் பார்க்கும் கண்ணாக ஒருபோதும் மாறக்கூடாது. உடல்மாற்றம் கூச்சமாகவும் வியப்பாகவும் எரிச்சலாகவும் வரலாம். வேடிக்கைப் பொருளாக வரலாகாது.

ஆற்றல் எங்கிருந்து வருகிறது

விபத்து, பிறப்பு, பரம்பரை, ஒருவர் கொடுப்பது என்று மூலங்கள் பலவாக இருந்தாலும், எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அது கதையின் சண்டை யாரோடு என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறது. 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய எக்ஸ்-மென் தொடரில் ஆற்றல் பிறவியிலேயே உறங்கிக் கிடந்து பதின்பருவத்தில் விழிக்கிறது. எனவே அங்கே சண்டை, வேறுபட்டவர்களைக் கண்டு அஞ்சும் சமூகத்தோடு. மெய்லினின் பாண்டா மூதாதையிடமிருந்து தாய்வழியாக வருவது. எனவே சண்டை தாயோடும் தாயின் தாயோடும். 2014இல் ஜப்பானிய வார இதழ் ஒன்றில் தொடங்கிய ‘மை ஹீரோ அகாடமியா’ தொடரிலோ, ஏறத்தாழ எல்லோருக்கும் நான்கு வயதுக்குள் ஆற்றல் வந்துவிடும் உலகத்தில் எதுவுமே வராமல் வளர்ந்த இசுக்கு என்ற சிறுவனுக்குப் பதின்பருவத்தில் ஒரு பெரிய நாயகன் தன் ஆற்றலைக் கொடுக்கிறான். அங்கே சண்டை தகுதியைப் பற்றியது. (கொடுக்கும் முறை, நாயகனின் தலைமுடி ஒன்றை விழுங்குவது. இவ்வளவு பெரிய தருணத்தை இவ்வளவு அற்பமாக்கத் துணிந்ததற்காகவே அந்த ஆசிரியரைப் பாராட்டலாம்.)

விபத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். விபத்து தற்செயலாக நடக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை அந்த இடத்தில் நிற்பது தற்செயலாக இருக்கக்கூடாது. பீட்டர் பார்க்கர் உடன் படிப்பவர்களை அறிவியல் செயல்விளக்கத்துக்கு அழைத்து, அவர்கள் கேலி செய்துவிட்டுப் போன பிறகு தனியாக அங்கே போகிறான். கமலா கான், பெற்றோர் தடுத்த விருந்துக்கு வீட்டுக்குத் தெரியாமல் போய்த் திரும்பும் வழியில், ஆற்றலை எழுப்பும் ஒரு மூடுபனிக்குள் சிக்குகிறாள். ஒருவனைத் தனிமை கொண்டுபோய் நிறுத்தியது, ஒருத்தியை மீறல் கொண்டுபோய் நிறுத்தியது. பின்னால் வரும் குற்றவுணர்ச்சிக்கு வேர் இங்கேதான் பிடிக்கிறது. நம் மலர்விழிக்கு ஆற்றல் கடையிலேயே வரவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்க மனம் வராமல், அன்று முழுவதும் கடையில் நின்றுவிட்ட நாளாக அது இருக்கலாம். மூலத்தை விளக்குவதற்கு ஒரு பத்திக்கு மேல் செலவிட வேண்டாம். வாசகர் காரணத்தை எளிதில் மன்னித்துவிடுவார், விளைவைத்தான் விடாமல் கணக்குக் கேட்பார்.

விதிகளும் விலையும்

ஆற்றலால் என்ன முடியும், என்ன முடியாது, பயன்படுத்தினால் உடலில் என்ன குறைகிறது, மறைக்க முயன்றாலும் எங்கே தெரிந்துவிடுகிறது என்ற நான்கையும் கதை எழுதத் தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுள் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எக்ஸ்-மென் தொடரின் சைக்ளாப்ஸ் தன் கண்ணிலிருந்து பாயும் கதிரை அடக்க முடியாதவன்; செந்நிறப் படிகக் கண்ணாடி இல்லாமல் அவனால் யாரையும் நேருக்கு நேர் பார்க்க முடியாது. ஆற்றலின் அடையாளம் முகத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. இசுக்குவுக்கு ஆற்றல் கிடைக்குமுன், அதைத் தாங்குவதற்காகக் குப்பை குவிந்த கடற்கரையைச் சுத்தம் செய்தபடி பத்து மாதம் உடலைப் பண்படுத்த வேண்டியிருக்கிறது. அப்படியும் முதன்முதலில் பயன்படுத்தியபோது அவனுடைய கையெலும்பும் காலெலும்பும் முறிந்துபோகின்றன. வயதுக்கு மீறிய வலிமையை வளரும் உடல் தாங்காது என்ற எளிய உண்மையை அந்தத் தொடர் எலும்பில் எழுதிக் காட்டுகிறது.

இயற்பியலை முழுவதும் மதிக்க வேண்டியதில்லை. ஆனால் ஓரிடத்திலாவது மதித்தால் மற்ற இடங்களில் வாசகர் விட்டுக்கொடுப்பார். உருவம் இரண்டு மடங்கு உயர்ந்து வளரும் பாத்திரம் என்றால், எடை எட்டு மடங்காகும்போது எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். முழங்கால் வலிக்கத்தான் செய்யும். மலர்விழியின் ஆற்றலுக்கு நான் வைக்கும் விதிகள் இவை. தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் எடை மாறும். கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்ப ஏழெட்டு நொடி ஆகும். ஒரு பொருளிலிருந்து குறைத்த எடை அவள் உடலில் ஏறிக்கொள்ளும். கடைசி விதிதான் கதையை நடத்தப்போகிறது. மூட்டையை இலேசாக்கித் தூக்குபவள் அந்தச் சுமையைக் காலில் உணர்கிறாள். அவள் நிற்கும் மரப்பலகை முனகுகிறது. பள்ளி மருத்துவ முகாமில் எடை பார்க்கும் நாளன்று அவள் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். ஆற்றலின் விலையை உடலிலேயே வைத்துவிட்டால், ஆற்றலை நீக்கும் மாயக்கல்லைத் தேடி அலைய வேண்டிய தேவை ஆசிரியருக்கு இராது.

வலிமைக்கும் திறமைக்கும் உள்ள வேறுபாட்டையும் பேணுங்கள். மூலக்கதையில் பீட்டருக்குச் சிலந்தி கொடுத்தது வலிமை, சுறுசுறுப்பு, சுவரில் ஒட்டும் தன்மை போன்ற உடல் ஆற்றல்களை மட்டுமே; வலையையும் அதை வீசும் கருவியையும் அவனே தன் அறிவியல் அறிவால் செய்துகொள்கிறான். பாதி அவனுக்கு வாய்த்தது, பாதி அவன் சம்பாதித்தது. 2002இல் வந்த திரைப்படம் வலையையும் உடலிலிருந்தே வரவழைத்துவிட்டது. பார்ப்பதற்கு அது எளிதாக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் கைவேலையை அது பறித்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

முதல் பயன்பாடு சுயநலமாக இருக்கட்டும்

ஆற்றல் கிடைத்த மறுநாளே தீயணைக்க ஓடும் பிள்ளையை யாரும் நம்பமாட்டார்கள். பீட்டர் முதலில் போன இடம் மல்யுத்த மேடை. மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 100 டாலர் என்ற அறிவிப்பைப் பார்த்துப் போகிறான். பிறகு தொலைக்காட்சி நிகழ்ச்சி, கைதட்டல். அந்த மிதப்பில், தன் கண்முன் ஓடிவரும் திருடனைத் தடுக்காமல் விடுகிறான். அதே திருடன் பின்னர் பெரியப்பாவைக் கொல்கிறான். இக்கதையில் கவனிக்க வேண்டியது, பீட்டரின் தவறு கொடுமையானதாக இல்லை என்பது. அந்த வயதில், அன்றைய மனநிலையில், எவரும் செய்யக்கூடிய சிறு அலட்சியம் அது. பெரும் ஆற்றலோடு பெரும் பொறுப்பும் வரவேண்டும் என்ற அந்தப் புகழ்பெற்ற வாசகத்தைப் பெரியப்பா சொன்னதாகவே இன்று பலரும் நினைக்கிறார்கள். 1962ஆம் ஆண்டுக் கதையில் அது கடைசிக் கட்டத்தில் கதைசொல்லியின் குரலாகத்தான் வருகிறது. யாரும் அவனுக்கு முன்கூட்டியே அறிவுரை சொல்லவில்லை. அறிவுரை முதலிலேயே வந்திருந்தால் அவன் செய்தது கீழ்ப்படியாமை ஆகியிருக்கும். வராததால் அது அவன் தானாகக் கண்டடைய வேண்டியதாயிற்று. உங்கள் கதையில் தாத்தாவோ ஆசிரியரோ முன்னதாக நீதி சொல்லும் காட்சி இருந்தால், அதை வெட்டிவிட்டுக் கதை நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முன்னைவிட உறுதியாக நிற்கும்.

மலர்விழி அப்பாவின் கடனுக்காகத் தராசில் கை வைப்பாள். தட்டின் ஓரத்தை ஒரு விரல் தொட்டுக்கொண்டிருக்க, கிலோவுக்கு இருபது கிராம் கூடுதலாகக் காட்டும், யாருக்கும் தெரியாது. அவள் அதைத் திருட்டு என்று எண்ணமாட்டாள், உதவி என்றே எண்ணுவாள். மாதக் கடைசியில் கையிருப்புச் சரக்கு கணக்குக்கு மேல் மிஞ்சியிருப்பதைக் கண்ட அப்பா, தன் தராசு பழுதாகிவிட்டது என்று நினைத்து வெட்கப்பட்டு, வாடிக்கையாளர்களிடம் தானே சொல்லத் தொடங்குவார். இந்தக் கதைக்கு வில்லன் தேவையா என்று கேட்டால், எடையளவு முத்திரை ஆய்வாளர் ஒருவர் கடைக்கு வருவதே போதும் என்பேன். முகமூடி அணிந்த எதிரி வந்துதான் ஆகவேண்டும் என்று நீங்கள் விரும்பினால், அவனும் அதே வயதுடையவனாக, அதே வகை ஆற்றலை வேறொரு வீட்டில் பெற்றவனாக இருப்பது நல்லது. உலகை அழிக்கும் திட்டம் அவனுக்கு வேண்டாம்.

ரகசியத்தைக் காப்பதும் உடைப்பதும்

1962இல் ஒரு முகமூடி போதுமாக இருந்தது. இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒளிப்படக் கருவி இருக்கிறது, கடைத்தெரு முழுவதும் கண்காணிப்புக் கேமரா இருக்கிறது, வகுப்புக்கென்று வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இதை மறந்துவிட்டு எழுதினால் வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே கேள்வி கேட்பார். இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றலாம். ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியாததாக வைப்பது ஒன்று. மலர்விழியின் ஆற்றல் அத்தகையது, அதைப் படம் பிடித்தாலும் ஒன்றும் தெரியாது. அல்லது காணொளி வெளியாகிவிடுவதையே கதையின் நடுப்புள்ளியாக வைத்து, அது பொய்யாகத் தயாரிக்கப்பட்டது என்று ஊர் நம்பிவிடுவதாகக் கொண்டுபோகலாம். உண்மை தெரிந்தவர்கள் மட்டும் வாய் திறக்க முடியாமல் தவிப்பார்கள்.

யாருக்கு முதலில் தெரியவேண்டும் என்பது அடுத்த முடிவு. வழக்கமாக நெருங்கிய நண்பருக்குத்தான் தெரிகிறது. அதில் பிழையில்லை, ஆனால் புதுமையும் இல்லை. வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து, அவர் தெரியாததுபோல் இருப்பது அதைவிட ஆழமானது. கமலா கான் ஒருநாள் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு தாயிடம் உண்மையைச் சொல்லும்போது, தாய் தனக்கு முன்பே தெரியும் என்கிறாள். அதுவரை வந்த கண்டிப்பும் கவலையும் எல்லாம் அந்த ஒரு பதிலால் வேறு பொருள் கொள்கின்றன. இத்தகைய காட்சியை எழுத விரும்பினால், தாய்க்குத் தெரியும் என்பதற்கான தடயங்களை முன்பே இரண்டு மூன்று இடங்களில் போட்டுவைக்க வேண்டும். கேட்காமலே கூடுதலாக வைக்கப்பட்ட ஒரு கரண்டி சோறு, பூட்டாமல் விடப்பட்ட கொல்லைக் கதவு, உறவினர் முன்னிலையில் சொன்ன ஒரு சிறிய பொய் என்று அவை சாதாரணமாகவே இருக்கட்டும்.

உரையாடலைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. பதின்பருவத்தினர் தம் பெரிய அச்சங்களை நேராகச் சொல்வதில்லை. தனக்கு ஆற்றல் வந்துவிட்டது என்று தோழியிடம் சொல்ல வந்தவள், கணக்குத் தேர்வைப் பற்றிப் பத்து வரி பேசிவிட்டுப் போய்விடலாம். இணையத்தில் இந்த ஆண்டு புழங்கும் கொச்சைச் சொற்களை அள்ளிப் போடுவதும் வேண்டாம். புத்தகம் அச்சாகி வரும்போது அவை பழையதாகியிருக்கும். வீட்டில் ஒரு விதமாகவும், பள்ளியில் ஒரு விதமாகவும், தனியாக இருக்கும்போது இன்னொரு விதமாகவும் அந்தப் பிள்ளை பேசினால் போதுமானது.

தொடர் எழுதுகிறவர்களுக்கு

ஒரு சிறுகதையோடு முடிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தொடராகவோ நாவல் வரிசையாகவோ எழுதுகிறவர்கள், கதைமாந்தர் வளரப்போகிறாரா அதே வயதில் நிற்கப்போகிறாரா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். பீட்டர் பார்க்கர் 1965இல் வெளிவந்த ‘அமேசிங் ஸ்பைடர்-மேன்’ 28ஆம் இதழில் பள்ளிப் படிப்பை முடித்து, அதே ஆண்டில் கல்லூரிக்குப் போய்விட்டான். அவன் பள்ளி மாணவனாக இருந்தது தொடரின் முதல் மூன்றாண்டுகள் மட்டுமே. பிறகு அவனுடைய வளர்ச்சி மிக மெதுவாகிப்போனது. அவனுடைய வயதை என்ன செய்வது என்று அவனை எழுதியவர்கள் பின்பு பல பத்தாண்டுகள் திணற நேர்ந்ததற்குத் திட்டமிடாத அந்த வேக மாற்றமும் ஒரு காரணம் என்பேன். எனவே ஒரு நாட்காட்டி போட்டுக்கொள்ளுங்கள். பதினோராம் வகுப்பு ஜூன் மாதத்தில் தொடங்கும் கதையில் காலாண்டுத் தேர்வு எப்போது, ஆண்டிறுதித் தேர்வு எப்போது, ஆடித் தள்ளுபடியும் தீபாவளிச் சரக்கும் கடைக்கு எப்போது வருகின்றன என்று குறித்துவைத்தால், எந்த வாரத்தில் மலர்விழிக்கு நேரமே இருக்காது, எந்த வாரத்தில் தராசு ஓயாமல் வேலை செய்யும் என்பது தானாகத் தெரியவரும். ஆய்வாளர் வரும் நாளை அந்த வாரத்தில் வையுங்கள்.